பூசணிக்காய் திரும்பி வந்த நாள்

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். தாயில்லாமல் வந்த என் கொழுந்தன் மகளையும் சேர்த்தால் எட்டு. ஒருத்தருக்கும் ஒரு குறை வைக்கவில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? கோயில் மணலில் விரல் வைத்து எழுதப் பழகியதோடு என் படிப்பு முடிந்துபோனது. அதனால் எழுத்து கோணலாக இருக்கும், மெதுவாகத்தான் போகும். எனக்கு அவசரமும் இல்லை.

நான் சொல்ல வந்தது, முதல் உலகச் சண்டை முடிந்து சர்க்கரைக்கு நல்ல விலை வந்த காலத்தில் நடந்தது. மொரீஷியசின் வடக்கே, ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில் எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. என் மாமனார் தோட்டக் கூலியாகக் கப்பலில் வந்தவர். என் வீட்டுக்காரர் அந்த நிலத்தில் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் மலை மாதிரி குவித்துவிட்டுத்தான் கரும்பு நட்டார். யாருடைய வாசலிலும் போய் நிற்காத குடும்பம் என்று எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வீட்டில் எல்லோரையும் விட நான்தான் அதிகம் தூக்கிச் சுமந்தேன்.

என் மூத்த மகளின் புருஷன் தச்சு வேலை தெரிந்தவர். மடகாஸ்கரில் வெள்ளைக்காரர்கள் வீடு வீடாகக் கட்டுகிறார்கள், நல்ல கூலி என்று கேள்விப்பட்டுக் கப்பலேறிப் போனார். முதலில் செய்தி வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. ஒரு நாள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வந்து, கப்பலில் வந்தவன் சொன்னதாகச் சொன்னார். மாப்பிள்ளை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாராம். ரயில் போய் நிற்கிற பெரிய பட்டணத்துக்கும் அப்பால், தெற்கே பல நாள் தூரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊராம்.

என் மகள் அழவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாள்.

அப்போதுதான் என் மூன்றாவது மகன், “நான் போய் மச்சானைக் கூட்டிட்டு வர்றேன்” என்றான். வீட்டில் கல்யாணமாகாதவன் அவன்தான். அந்த வருடக் கரும்புக் காசில் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கியிருந்தான். கப்பலில் போய் இறங்குவது, ரயிலில் பட்டணம் வரை போவது, அங்கிருந்து அந்தச் சைக்கிளிலேயே ஊருக்குப் போவது என்று அவன் கணக்குப் போட்டான். அந்தப் பாதையில் மனிதர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போகும் நாற்காலிகள் உண்டாம். ஆனால் அதற்கு ஆள் சேர்த்துக் கிளம்புவதற்குள் மாப்பிள்ளை என்ன ஆவாரோ என்றான்.

போகாதே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. எப்படிச் சொல்வது? மகள் பக்கத்தில் நிற்கிறாள். மகனைப் போகாதே என்றால் மருமகனைச் சாகட்டும் என்று சொன்ன மாதிரி. போ என்றால் என் வாயாலேயே மகனை அனுப்பின மாதிரி. இரண்டையும் சொல்லாமல் அரிசி களையப் போனேன். அன்று எத்தனை தண்ணீர் விட்டுக் களைந்தேன் என்றே தெரியாது. கை நிற்கவில்லை.

மடகாஸ்கர் என்றால் எங்கள் ஊரில் பிள்ளைகளை மிரட்டுகிற பேர். அங்கே போனவனுக்குக் காய்ச்சல் நிச்சயம், காய்ச்சல் விட்டால் கொள்ளைநோய், அதுவும் விட்டால் மாட்டுத் திருடர்கள் ஈட்டியோடு நிற்பார்கள் என்று சொல்வார்கள். ஆற்றில் துணி துவைக்கப் போனால் எனக்கென்றே கதை வைத்திருந்தார்கள்.

“ஏக்கா, ஒன் மவன் சைக்கிள்லயா போறான்? அங்க ஆத்துக்கு ஆறு மொதலையாமே.”

“அது ஆளோட சைக்கிளையும் சேத்து முழுங்கிடுமாம். மணிய மட்டும் துப்பிடுமாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் துணியை அடிக்கிற கல்லில் ஓங்கி அடித்துவிட்டு, “எம்மவன் மணியடிச்சா மொதலையே ஒதுங்கி வழிவிடும். ஒன் மவன் இங்கருந்து சந்தைக்குப் போகவே தொணைக்கு ஆள் தேடுறான்” என்றேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மணிச் சத்தம்தான் என் காதில் இருந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி.

ஏற்பாடுகள் தொடங்கின. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுவான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். டியூபை வேண்டுமென்றே ஆணியால் குத்தி ஓட்டையாக்கி, ஒட்டிப் பழகினான். கண்ணைக் கட்டிக்கொண்டும் ஒட்டிப் பார்த்தான். “மழையில, இருட்டுல ஒட்ட வேண்டி வந்தா?” என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் அந்த மழையையும் இருட்டையும் நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என் பங்குக்கு நான் அரிசியை வறுத்து இடித்து மாவாக்கினேன். புளியை உப்போடு இடித்து உருண்டை பிடித்தேன். கருவாடு காய வைத்தேன். மருந்துக்கடையிலிருந்து வந்த காய்ச்சல் மாத்திரையை எண்ணெய்த் துணியில் சுற்றி, அவன் உள்சட்டையில் ஒரு பை தைத்து அதில் போட்டேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. எத்தனை சட்டை தைத்தவள் நான், அதுவரை ஒரு தடவை ஏறியதில்லை.

பாரம் வைத்து மேடு ஏறிப் பழக வேண்டும் என்று, பின்னால் ஒரு மூட்டைக் கல்லைக் கட்டிக்கொண்டு மேட்டுப் பக்கத்து ஊரான வக்குவா வரைக்கும் ஏறிப் போனான். திரும்பி இறங்கும்போது மழை. பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் விழுந்து, முழங்கையும் கன்னமும் கிழிந்து, கோணின சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தே வந்தான். அவன் அக்காதான் மஞ்சளை அரைத்துப் பூசினாள். பூசிக்கொண்டே, அன்றைக்குத்தான், வாயைத் திறந்தாள்.

“போக வேணாம்டா. அவரு விதி எப்படியோ அப்படி நடக்கட்டும்.”

“நீ அழுது முடிக்கிறதுக்குள்ள நான் சக்கரத்த நிமித்திடுவேன்” என்றான் அவன்.

அவள் இன்னும் அழவே தொடங்கியிருக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள். எனக்கோ, நம் ஊர் ரோட்டிலேயே விழுந்தவன் அந்த ஊரில் என்ன ஆவான் என்கிற நினைப்பு. ஊர்க் கண்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டினார். திருஷ்டி கழித்தாக வேண்டும்.

மறுநாள் உச்சிவேளையில் அவனைச் சைக்கிளோடு வாசலில் நிறுத்தினோம். பூசணிக்காயைக் குடைந்து குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, அவனையும் சைக்கிளையும் சேர்த்துச் சுற்றினார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய் முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து கால் கழுவினார். எங்கள் ஊரில் யாருக்கு என்ன கெடுதல் என்றாலும் அந்த முச்சந்தியில்தான் கழிப்போம். மூன்று பாதை கூடுகிற இடம் வேறு கிடையாது.

அந்த முச்சந்தியில் ஒரே ஒரு வீடு இருந்தது. ஓலைக் கூரை. அதில் ஒரு கிழவி இருந்தாள். மடகாஸ்கர்க்காரி என்றுதான் சொல்வார்கள். தாழை ஓலையில் சர்க்கரைப் பை முடைந்து ஆலைக்குப் போடுவாள். அவளுக்கு மந்திரம் தெரியும் என்று ஊரில் பேச்சு. எங்கள் பெண்கள் அவள் வாசலைத் தாண்டும்போது பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். நானும் மூடியிருக்கிறேன்.

பூசணிக்காய் உடைத்த அடுத்த நாள் காலையில் நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழவி ரோட்டில் வந்தாள். கையில் ஒரு ஓலைப் பை. எங்கள் படலுக்கு முன்னால் நின்று, பையைக் கவிழ்த்தாள். குங்குமம் ஒட்டிய பூசணித் துண்டுகள் எங்கள் வாசலில் விழுந்து உருண்டன. பையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

கழித்துப் போட்டது வீட்டுக்குத் திரும்பி வரலாமா? அப்படி வந்தால் போட்டதைவிட இரண்டு பங்காக வந்து இறங்கும் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அதுவும் மகன் கப்பலேற இரண்டொரு நாள் இருக்கும்போது. அதுவும் எந்த நாட்டுக்குப் போகிறானோ அந்த நாட்டுக்காரி கையால். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“யாரும் தொடாதீங்க. தாண்டாதீங்க” என்றார். யாரும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மாட்டுக்குக்கூட யாரும் புல் அறுக்கப் போகவில்லை. என் மகன் மட்டும், “நல்ல பூசணிதான், சாம்பார் வைக்கலாம்” என்றான். அவன் அப்பா ஓங்கின கை அவன் மேல் படாமல் நின்றது.

அவள்தான் போட்டாள், அவள்தான் எடுக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. யார் போய்க் கேட்பது? என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லைப் பக்கமாக வேலியைத் தாண்டிப் போனேன். யார் வாசலிலும் போய் நிற்காதவள் அன்று அவள் வாசலில் போய் நின்றேன். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது கெஞ்சல்தான்.

ஆப்பிரிக்க வழி வந்த அந்த வயதுக் கிரியோல் பெண்களை நாங்கள் ‘தாந்தின்’ என்று கூப்பிடுவோம், அத்தை சித்தி என்கிற மாதிரி. “தாந்தின், அத எடுத்துடுங்க. எம்புள்ள வெளியூர் போறான்” என்றேன். நாங்கள் பேசியது தீவில் எல்லோருக்கும் பொதுவான கிரியோல் பேச்சில். எனக்கு அதைத் தமிழில்தான் எழுத வரும்.

அவள் ஓலை கிழிப்பதை நிறுத்தவில்லை. “என் வாசல்ல போட்டத ஒன் வாசல்ல போட்டேன். ஒனக்குப் பயமா இருக்கா மதாம்?”

“இருக்கு.”

“எனக்கும்தான் இருந்துச்சு. ஒங்க ஊர்ல ஒரு புள்ளைக்குத் தும்மல் வந்தா இங்க எலுமிச்சம்பழம். மாடு சினை பிடிக்கலைன்னா தேங்கா. செவப்புப் பொடி, சோறு, கோழித் தலை. எல்லாம் எங்கதவுக்கு நேரா. போன தடவ நீங்க ஒடச்ச மறுநாள் எம்பேத்திக்கு இழுப்பு வந்து கண்ணு சொருகிடுச்சு. நான் தனி ஆளு. என்ன செய்வினைன்னு யார்கிட்டப் போய்க் கேப்பேன்? தெனமும் விடிஞ்சதும் கதவத் தொறக்கறதுக்கு முந்தி சந்து வழியா பாப்பேன், இன்னைக்கு என்ன கெடக்குதோன்னு.”

எங்களைப் பார்த்து அவள் பயப்படுவாள் என்று எங்கள் ஊரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்குமா? செய்வினைக்காரி என்று நாங்கள் அவளைச் சொன்னோம். அவள் எங்கள் ஊரையே அப்படி நினைத்துக்கொண்டு கதவுச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அது செய்வினை இல்ல தாந்தின். எங்க பயத்தக் கொண்டாந்து போடுறது. வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

“அப்ப ஒங்க பயத்தையெல்லாம் நான் கூட்டிப் பெருக்கினேனா?” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. “ஒம்புள்ள எங்க போறான்?”

சொன்னேன். ஓலை கிழித்த கை நின்றது. அவளுடைய அம்மாவைச் சின்ன வயதில் அங்கிருந்து கொண்டுவந்தார்களாம். இவள் பிறந்தது இங்கேதான். அந்த நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, என்னோடு நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். இனிமேல் அவரை ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வாசலில் கிடந்த துண்டுகளை அவரே பொறுக்கிப் பையில் போட்டார். நானும் குனிந்து பொறுக்கினேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, “ஏய், தொடாத” என்று அடிக்குரலில் சொன்னார். நான் தொட்டுவிட்டேன். இரண்டு பேருமாகப் போய் அதைக் கரும்புத் தோட்டத்தில் கல் குவியலுக்குப் பின்னால் புதைத்தோம்.

பிறகு அவர் என் மகனைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார். எங்கம்மா சொன்னது என்று தொடங்கி, ஊருக்குள் சைக்கிளை ஏறி ஓட்டாதே, எல்லையிலேயே இறங்கி நின்று காத்திரு என்றார். ஒவ்வொரு ஊருக்கும் இதைச் செய்யக்கூடாது என்று ஒரு விலக்கு இருக்கும், அதைக் கேட்டுக்கொண்ட பிறகு காலை வை என்றார். சமாதியைப் பார்த்து விரலை நீட்டாதே, காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்டு என்று தன் விரலை மடக்கிக் காட்டினார். கடைசியாக, உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போனால் இப்படிப் போ என்று, முதுகை வளைத்து, வலது கையைத் தாழ நீட்டி, “அசாஃபாடி” என்று சொல்லிக்கொண்டே எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்து காட்டினார்.

“அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது மதாம். எங்கம்மா யாரு முன்னால நடந்தாலும் இப்படித்தான் சொல்லும். எனக்கு மிச்சமிருக்கற பேச்சு இது ஒண்ணுதான்.”

அவர் போனதும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். “அர்த்தம் தெரியாத வார்த்தையப் புள்ள வாயில வெச்சு அனுப்புறியா? அது வசவா இருந்தா? ஈட்டி வெச்சிருக்கறவன் முன்னால போய் நின்னு சொல்லுவானே.”

எனக்கும் அதே பயம்தான். பூசணிக்காய்க்காக மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால்? முப்பது வருடம் எங்கள் குப்பையைப் பெருக்கியவர். அவருக்குக் கோபம் இருக்காதா? இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகனோ மாட்டுத் தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் முதுகை வளைத்துக்கொண்டு, மாட்டுக்கும் கோழிக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே திரிந்தான். நான் ஒரு தடவை சொன்னால் விட்டுவிடுவான். “மறந்துடு” என்றால் போதும். சொல்லவில்லை. அவர் நடந்து காட்டியபோது அவர் முகம் இருந்த விதம் எனக்குள் நின்றது. அதைத் தவிர நம்புவதற்கு என்னிடம் வேறொன்றும் இல்லை.

ரயில் நிலையத்தில் சைக்கிளைச் சாமான் வண்டியில் ஏற்றினார்கள். நான் அழவில்லை. பக்கத்தில் மகள் நின்றாள். ரயில் நகர்ந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கையும் என் கையும் ஒரே மாதிரி சில்லென்று இருந்தன.

அவன் போன பிறகு கழிந்த மாதங்களைப் பற்றி எழுத மாட்டேன். ரோட்டில் எந்தச் சைக்கிள் போனாலும் எழுந்து நின்றேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கரும்பு வெட்டு தொடங்கியிருந்த சமயம் திரும்பி வந்தான். மாப்பிள்ளை உயிரோடு வந்தார், எலும்பும் தோலுமாக. சைக்கிளில் அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான், அங்கேயும், இங்கே ரயிலிலிருந்து இறங்கிய பிறகும். அக்கா வீட்டுக்காரரை வாசலில் இறக்கிவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் முச்சந்தி வீட்டுக்குப் போய்விட்டான். அந்த அம்மாளிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். பெற்றவள் நான் படலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கோபம்கூட வந்தது.

போகிற வழியில் ஒரு மலையூரில் சக்கரம் உடைந்துபோனதாம். எல்லையில் இறங்கி நின்றானாம். ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்களாம். முதுகை வளைத்து அந்த வார்த்தையைச் சொன்னானாம். ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனாராம். ‘மன்னிச்சுக்கங்க, வழி விடுங்க’ என்பதுதான் அதற்கு அர்த்தமாம். சக்கரத்தைச் சரிசெய்யும் வரை அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்த முச்சந்தியில் எதையும் கொண்டுபோய் வைத்ததில்லை. மற்ற வீட்டார் வைத்தால் நானே போய்ச் சத்தம் போட்டேன்.

இதோடு முடிந்தால் நல்ல கதை. முடியவில்லை. ஒரு வெட்டுக் காலம் இங்கே இருந்தான். கரும்பில் அவன் மனம் இல்லை. அங்கே மண் சிவப்பு என்பான், மலையில் படி படியாக நெல் விளைகிறது என்பான். ஒரு நாள், திரும்பிப் போகிறேன் என்றான். சக்கரம் உடைந்த ஊரில், அந்தக் கிழவர் வீட்டில், ஒரு பெண் இருந்திருக்கிறாள். போனான். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு, பிள்ளைகள். ஆள் வந்தால் செய்தி சொல்லி அனுப்புவான். அந்தப் பேரப்பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் என்ன பேசுவேன், என் பேச்சு அவர்களுக்குப் புரியாது.

நான் பயந்ததெல்லாம் வீண் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீண் இல்லை. அந்த நாடு என் மகனை எடுத்துக்கொள்ளும் என்று பயந்தேன், எடுத்துக்கொண்டது. முதலையும் காய்ச்சலும்தான் எடுக்கும் என்று நினைத்திருந்தேன். நல்ல மனிதர்களும் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனது. அதற்காக யாரைக் கோபித்துக்கொள்வது என்று இன்று வரைக்கும் தெரியவில்லை, அவன் அங்கே நன்றாக இருக்கிறான் என்று கேட்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கிறது.

இங்கே என்னோடு இருக்கிற பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இந்தா கண்ணு, பையக் கீழ வை, இத எடு. மொதல்லருந்து படி, மெதுவா, எனக்குக் கேக்கற மாதிரி.